சைலன்சரை மாத்தறதா, வண்டியையே விக்கறதா? ஒரு பழைய மோட்டார் ஹோம் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு



"கார் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா" வீடியோவில் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். லண்டனில் வேலை பார்த்தபோது நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பழைய டீசல் மோட்டார் ஹோம் வாங்கினோம், ஒரு சைலன்சரால் மூணு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளாமல் இருந்தோம் என்று. அந்தக் கதையை முழுசா சொல்லிடறேன். ஊருக்கெல்லாம் கணக்கு பார்க்கிற ஆடிட்டர் சொந்தக் கணக்கைக் கோட்டை விட்ட கதை, அதனால் கொஞ்சம் கூச்சம்தான்.

என் கருத்தை முதல்லயே வச்சிடறேன். பழைய வண்டிக்குப் பெரிய ரிப்பேர் பில் வந்ததும் நாம் எல்லோரும் அந்த பில்லோடு மல்லுக்கட்டுகிறோம். அந்த வண்டி வருஷத்தில் எத்தனை நாள் சும்மா நிற்கிறது என்ற கணக்கை யாரும் எடுப்பதில்லை. உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆளுக்கு 5,000 போட்டு வாங்கின வண்டி

நம்ம ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ உட்காரும் வண்டி. இங்கிலாந்தில் மோட்டார் ஹோம் என்பது சாதாரணக் குடும்பங்கள் வைத்திருக்கும் சமாச்சாரம். ஒரு டீசல் வேனின் சேஸி மேல் கட்டில், அடுப்பு, சிங்க், குட்டி டாய்லெட் எல்லாம் வைத்துக் கட்டியிருப்பார்கள். மலையடிவாரத்தில் நிறுத்தி, டீ போட்டுக் குடித்துவிட்டு, அங்கேயே படுத்துத் தூங்கலாம்.

நாங்கள் மூணு பேரும் ஹாரோவில் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருத்தன் கோயம்புத்தூர், ஐடி. இன்னொருத்தன் மதுரை, ஆஸ்பத்திரி லேபில் வேலை. 2022 மார்ச்சில் ஒரு 2004 மாடல் வண்டி கிடைத்தது. 15,000 பவுண்டு. ஆளுக்கு 5,000. அப்போது ஒரு பவுண்டு சுமார் 100 ரூபாய், அதனால் இந்தக் கட்டுரையில் வரும் எந்தத் தொகையையும் நூறால் பெருக்கிக்கோங்க, ரூபாய் கணக்கு வந்துவிடும்.

முதல் வருஷம் லேக் டிஸ்ட்ரிக்ட் போனோம், வேல்ஸ் போனோம், ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவு வரைக்கும் போனோம். பொய் சொல்ல மாட்டேன், என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் அவையும் உண்டு. மொத்தம் 19 இரவு அந்த வண்டியில் தூங்கியிருக்கிறோம். இந்த 19-ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

"நீங்க ஸ்டார்ட் பண்ணி வச்சதுதான் பிரச்சனை"

2023 பிப்ரவரி. அங்கே மூணு வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு வருஷா வருஷம் எம்ஓடி என்ற சோதனை உண்டு. நம்ம ஊர் எஃப்சி மாதிரி. அது முடியப்போகிற நேரம் பார்த்து வண்டி டிராக்டர் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் எம்ஓடி கிடைக்காது.

கோயம்புத்தூர் நண்பன் யூடியூப் பார்த்து, 10 பவுண்டுக்கு ஒட்டுப்பட்டை ஒன்று வாங்கி, பசை தடவி ஓட்டை மேல் சுற்றினான். ரெண்டாவது நாள் ரோட்டில் எங்கேயோ கழண்டு விழுந்தது.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, நடுவில் இருக்கிற சைலன்சரை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினார். வெளியே பார்த்தால் மேலோட்டமான துருதான். ஆனால் ஸ்க்ரூடிரைவர் அப்படியே உள்ளே போய்விட்டது. முன்பக்கம் என்ஜின் அதிர்வைத் தாங்குவதற்காக இருக்கும் ஃப்ளெக்ஸி பைப்பிலும் வெடிப்பு. கடைசி சைலன்சர் மட்டும் நன்றாக இருந்தது.

"வெளியில இருந்து துருப்பிடிக்கல, உள்ளிருந்து அரிச்சிருக்கு" என்றார். மதுரைக்காரனுக்குக் கோபம். "நாங்க வண்டியை நல்லாதான் பார்த்துக்கிட்டோம். ஓட்டாத வாரத்துலகூட ஞாயித்துக்கிழமை போய் 10 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கோம்."

"அதுதான் பிரச்சனை" என்றார் அவர்.

விஷயம் இதுதான். டீசல் எரியும்போது புகையோடு நீராவியும் வரும். நீண்ட தூரம் ஓட்டினால் குழாய் முழுக்கச் சூடாகி அந்த ஈரம் வெளியேறிவிடும். நிறுத்தி வைத்த வண்டியை 10 நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால், பின்னால் இருக்கிற சைலன்சர் சூடாவதே இல்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணியாகத் தேங்கும். புகையில் இருக்கிற அமிலத்தன்மையும் அதில் சேரும். சாதாரண இரும்புக் குழாய் எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு, குளிர்காலத்தில் அந்த ஊர் ரோட்டில் பனிக்கட்டி உருக உப்பு வேறு தூவுவார்கள். அது வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஞாயித்துக்கிழமை தவறாமல் போய் ஸ்டார்ட் பண்ணிவிட்டு வரும்போது, "பொறுப்பா இருக்கோம்" என்று ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்திக்குத்தான் பில் வந்தது.

இரண்டு கொட்டேஷன், மூன்று கருத்து

முதல் கராஜ் கொடுத்த கொட்டேஷன் ஒரே வரி: முழு எக்ஸாஸ்ட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1,240 பவுண்டு.

இரண்டாவது கராஜ் பிரித்துக் கொடுத்தது. நடு சைலன்சரும் குழாயும் 190. ஃப்ளெக்ஸி பைப் 85. ரப்பர் மவுண்ட், போல்ட், கேஸ்கெட் 45. துருப்பிடித்து இறுகிப்போன போல்ட்டை வெட்டி எடுப்பதையும் சேர்த்து லேபர் 230. ஆக 550. அதன் மேல் 20 சதவீத வாட் வரி 110. மொத்தம் 660. கடைசி சைலன்சர் நன்றாக இருப்பதால் அதைத் தொடத் தேவையில்லை என்றார்கள்.

முதல் பாடம் இங்கேயே இருக்கு. ஒரே வரியில் வருகிற கொட்டேஷனை ஒத்துக்காதீங்க. எது கெட்டுப்போச்சு, எது நல்லா இருக்கு, பார்ட்ஸ் எவ்வளவு, லேபர் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்க. கேட்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

வீட்டில் அன்று ராத்திரி சண்டை. கோயம்புத்தூர்: "ஓட்டை வண்டி. இப்படியே தள்ளி விட்டுடலாம்." மதுரை: "15,000 போட்டிருக்கோம், இன்னும் ஒரு 1,200 போட மாட்டோமா? போடறதுதான் போடறோம், ஸ்டெயின்லெஸ்ஸே போடு." ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஆடிட்டர் சார் சொல்லட்டும்."

ஒரு விஷயத்தில் மட்டும் மூணு பேருக்கும் ஒரே கருத்து: தள்ளிப்போட முடியாது. இது வெறும் வண்டி இல்லை, மேலே ஆள் தூங்குகிற வண்டி. அடியில் ஓட்டை இருந்தால் புகை தரை வழியாக உள்ளே வரலாம். அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். அதற்கு வாசனை கிடையாது. காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

மூன்று கேள்வியையும் தனித்தனியா கேளுங்க

எங்கள் தப்பு என்னவென்றால், மூன்று வேறு கேள்விகளைப் போட்டு ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சுலபமான பதில் இருந்தது.

கேள்வி 1: ரிப்பேர் பண்ணணுமா, அப்படியே விக்கணுமா? சத்தத்தோடு, எம்ஓடி இல்லாமல் ஒரு வியாபாரி கேட்ட விலை 10,500. எம்ஓடி இருந்தால் அதே வண்டி 13,000 வாக்கில் போகும். வித்தியாசம் 2,500. செலவு 660. நாளைக்கே விற்பதாக இருந்தாலும் ரிப்பேர் பண்ணிவிட்டுத்தான் விற்க வேண்டும். இங்கே கோயம்புத்தூர்க்காரன் தோற்றான்.

கேள்வி 2: சாதா இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? இதற்குப் பதில் "எத்தனை வருஷம் வச்சிருக்கப் போறோம்" என்பதில் இருக்கிறது. எட்டு, பத்து வருஷம் வைத்திருந்தால் சாதா இரும்பை நடுவில் இன்னொரு தடவை மாற்ற வேண்டி வரும். 660-ம் 660-ம் 1,320. அப்போது 1,240-க்கு ஸ்டெயின்லெஸ்தான் லாபம். ஒன்றிரண்டு வருஷத்தில் விற்பதாக இருந்தால், 580 பவுண்டு அதிகம் போட்ட குழாயைக் குனிந்து பார்த்து யாரும் விலை ஏற்றித் தர மாட்டார்கள். இங்கே மதுரைக்காரனின் "போடறதுதான் போடறோம்" தோற்றது. ஏற்கெனவே போட்ட 15,000 எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படியே வரப்போவதில்லை. அதைக் காரணமாகக் காட்டி அடுத்த ரூபாயைப் போடக் கூடாது.

கேள்வி 3: வச்சுக்கணுமா, விக்கணுமா? இதை யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் என் வெட்கம். அன்று ராத்திரிதான் முதல் தடவையாக எக்செல்லைத் திறந்தேன்.

விலை இறக்கம் 2,000
இன்சூரன்ஸ் 420
வாகன வரி 300
நிறுத்தும் யார்டு வாடகை 780
சர்வீஸ், எம்ஓடி 340
இந்த எக்ஸாஸ்ட் 660
மொத்தம் 4,500 பவுண்டு

19 இரவால் வகுங்க. ஒரு இரவுக்கு 237 பவுண்டு. டீசலும், கேம்ப் சைட் கட்டணமும் தனி.

இதில் நாங்கள் ஒரு வாரம் சண்டை போட்ட எக்ஸாஸ்ட்டின் பங்கு வெறும் 35 பவுண்டு. மிச்சம் 202 பவுண்டைப் பற்றி ஒரு வருஷமாக யாரும் வாயைத் திறக்கவில்லை. காரணம், அது மாசா மாசம் சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தது. சத்தம் போட்டது சைலன்சர் மட்டும்தான்.

அதே மாதிரி வண்டியை சீசன் இல்லாத நாளில் வாடகைக்கு எடுத்தால் ஒரு இரவுக்கு 110 பவுண்டு வாக்கில் கிடைத்தது. 4,500-ஐ 110-ஆல் வகுத்தால் 41. அதாவது வருஷத்துக்கு 41 இரவுக்கு மேல் அந்த வண்டியில் தூங்கினால் சொந்தமாக வைத்திருப்பது லாபம். அதற்குக் கீழே என்றால் வாடகை லாபம். முழு நேரம் வேலை பார்ப்பவருக்கு அந்த நாட்டில் சட்டப்படி உள்ள குறைந்தபட்ச சம்பள விடுப்பே 28 நாள்தான், அதிலும் ஊருக்கு வந்து போக ஒரு பகுதி போய்விடும். மூணு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தால்தானே ஆச்சு? கேம்ப் சைட்டில் நாங்கள் பார்த்த முக்கால்வாசிப் பேர் ஏன் ரிட்டயர் ஆனவர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்களிடம் 41 இரவு இருந்தது. எங்களிடம் காசு இருந்தது, இரவு இல்லை.

புதுக் குழாய் போட்டாலும் வண்டி பழசுதான்

இன்னொரு விஷயம் முடிவை உறுதி பண்ணியது. லண்டனில் யூலெஸ் என்று ஒரு திட்டம். புகைத் தரம் குறைந்த வண்டியை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது ஹாரோ உட்பட லண்டன் முழுக்க வரப்போகிறது என்று முன்பே அறிவித்துவிட்டார்கள். டீசல் வண்டிக்கு யூரோ 6 தரம் வேண்டும். எங்களுடையது 2004 மாடல். பளபளவென்று புது எக்ஸாஸ்ட் போட்டாலும் அது யூரோ 6 ஆகிவிடாது, ஏனென்றால் அந்தத் தரம் என்ஜினையும் சேர்த்துத்தான். இனி யார்டிலிருந்து வண்டியை எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 என்றால், இன்னும் குறைவாகத்தான் எடுப்போம். இன்னும் அதிகமாகத்தான் துருப்பிடிக்கும்.

660-க்கு ரிப்பேர் பண்ணினோம். எம்ஓடி கிடைத்தது. ஏப்ரலில் விற்றோம். மோட்டார் ஹோமைக் கோடை வருவதற்கு முன்னால் விற்பதுதான் நல்லது, குளிர்காலத்தில் விற்றால் கேட்பாரில்லை. வேல்ஸிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு தம்பதி 12,800-க்கு எடுத்தார்கள். என் கணக்கை விட 200 குறைவு. எக்ஸாஸ்ட் பில்லை அவர்களிடம் காட்டினேன், எந்தப் பகுதி புதுசு, எது பழசு என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஜூலையில் மதுரை நண்பனின் அம்மா அப்பா வந்தார்கள். அவர்களுக்காக 8 இரவுக்கு ஒரு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்தோம். சீசன் என்பதால் 1,120 பவுண்டு ஆனது. ஸ்காட்லாந்தில் ஒரு ஏரிக்கரையில் அம்மா ரவா உப்புமா கிண்டினார்கள். அப்பா வண்டி வாசலில் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது நண்பன் சொன்னான்: "கணக்கு எல்லாம் சரிதான்டா. ஆனா நம்ம வண்டியில கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சிருந்தேன்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. "நம்ம வண்டி" என்ற உணர்வுக்கு ஒரு விலை கொடுக்கலாம். எங்கள் விஷயத்தில் அந்த விலை ஒரு இரவுக்கு 127 பவுண்டு, கிட்டத்தட்ட 12,700 ரூபாய். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் "பரவாயில்லை, தர்றேன்" என்று ஒருத்தர் சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பார்க்காமல் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்க வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கிற கார்

"லண்டன் கதை எங்களுக்கு எதுக்கு சார்?" என்றால், ஊரில் அப்பா வாங்கின 2010 மாடல் டீசல் காரை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில். கார் போர்ட்டிகோவில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓடும். மற்ற நாட்களில் அப்பா காலையில் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுவார். எங்கள் ஞாயித்துக்கிழமை வேலைதான் அது. அதற்குப் பதிலாக ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 30, 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்க. பேட்டரிக்கும் நல்லது, சைலன்சருக்கும் நல்லது, அம்மாவும் ஒரு கோயில் பார்த்த மாதிரி ஆகும்.

இந்தக் காருக்கு சைலன்சர் போச்சு என்று பில் வந்தால், அதே மூன்று கேள்விகள். கூடவே மற்ற செலவையும் பக்கத்தில் எழுதுங்க. 15 வருஷம் முடிந்த காருக்கு ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய், முன்பு அது 600-தான். 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025-ல் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. மொத்தத்தை வருஷத்தில் ஓடுகிற கிலோமீட்டரால் வகுத்து, கால் டாக்ஸி ரேட்டோடு ஒப்பிடுங்க. அதன் பிறகு அப்பாவிடம் பேசுங்க. எடுத்த எடுப்பில் "வித்துடலாம்பா" என்று ஆரம்பிக்காதீங்க, அது அவர் முதன்முதலில் வாங்கின காராக இருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கிட்டு நேர் பைப் போட்டா செலவும் கம்மி, மைலேஜும் கூடும்" என்று சொல்கிற கடைகள் உண்டு. போடாதீங்க. புகை, சத்த விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பிரிட்டனிலும் கம்பெனி பொருத்திய புகை வடிகட்டியைக் கழற்றியிருந்தால் 2014 பிப்ரவரியிலிருந்து எம்ஓடி கிடைக்காது.

ரீல்ஸ் பார்த்து "பழைய டெம்போ டிராவலர் வாங்கி வேன் லைஃப் ஆரம்பிக்கலாமா" என்று யோசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும், அது முதல் செலவு. அதற்கும் முன்னால் உங்கள் லீவு பேலன்ஸைத் திறந்து பாருங்க. ஒரு தடவை வாடகைக்கு எடுத்து நாலு நாள் போய்வந்த பிறகு முடிவு பண்ணுங்க.

ஏற்கெனவே பழைய வண்டி வைத்திருந்தால், இந்த மாதத்திலிருந்து அதற்கென்று தனியாக ஒரு ஆர்டி போடுங்க. டயர், பேட்டரி, சைலன்சர், கிளட்ச் எல்லாம் என்றைக்காவது வரத்தான் போகிறது. வருகிற தேதிதான் தெரியாது. அதை "திடீர் செலவு" என்று சொல்லி கிரெடிட் கார்டில் தேய்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

நான் போட்ட எக்செல் ஷீட்டை ரூபாய்க்கு மாற்றி வீடியோவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியின் எண்களைப் போட்டுப் பாருங்க. அதில் மஞ்சள் கலரில் ஒரே ஒரு கட்டம் இருக்கும்: "போன வருஷம் எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள்?" அதை மட்டும் மனசாட்சியோடு நிரப்புங்க. நான் முதலில் 30 என்று போட்டேன். போட்டோ ஆல்பத்தைத் திறந்து தேதி எண்ணிப் பார்த்த பிறகுதான் 19 என்று தெரிந்தது.